இல்லாமையும் வேண்டாமையும்

இல்லாமை வேறு, வேண்டாமை வேறு. ஆயினும், வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே கோலத்தில் நிற்கின்றன. உண்ண ஏதுமின்றிப் பட்டினி கிடப்பவன் வயிறும் காலியாகவே இருக்கிறது. உணவிருந்தும் நோன்பு நோற்பவன் வயிறும் காலியாகவே இருக்கிறது. முன்னவனைக் கண்டு இரங்குகிறோம். பின்னவனைக் கண்டு வணங்குகிறோம். இந்த வேற்றுமையை முப்பது ஆண்டுக் காலம் வகுப்பறையில் மாணவர்க்கு எடுத்துரைத்தவன் நான். ஆனால், அதன் முழுப்பொருளை எனக்கு உணர்த்தியது ஒரு நூலன்று. ஒரு சோடிக் காலணி.

காலணியைப் பற்றி அறநெறிக் கட்டுரையா என அன்பர்கள் நகைக்கக் கூடும். அண்ணனின் பாதுகையை அரியணையில் ஏற்றி, பதினான்கு ஆண்டுகள் அதன் பெயரால் நாடாண்ட பரதனைப் போற்றும் மரபில் வந்தவர்கள் நாம். காலில் கிடக்கும் பொருளில் கருத்து இராது என்று நாம் சொல்வது பொருந்தாது.

பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டே என் இரத்தத்தில் சர்க்கரை ஏறியது. உடற்பயிற்சி வேண்டும் என மருத்துவர் பணித்தார். கோலாலம்பூரில் தித்திவங்சா ஏரியைச் சுற்றி விடியற்காலையில் நடக்கத் தொடங்கினேன். நடை நாளடைவில் மெதுவோட்டமாயிற்று. குதிகாலடியில் தடித்த மெத்தை வைத்த காலணியைத்தான் அப்போது அணிந்திருந்தேன். ஓராண்டு கழிந்ததும் முழங்காலில் வலி கண்டது. உடன் ஓடிவந்த இளைஞர் ஒருவர், “ஐயா, பிழை உங்கள் காலில் இல்லை, காலணியில் இருக்கிறது” என்றார். வெறுங்காலோடு ஓடுவதை ஒத்த மெல்லடிக் காலணிக்கு மாறுமாறு அறிவுறுத்தினார்.

அத்தகைய காலணியின் அடித்தட்டு சில மில்லிமீட்டர் கனமே உடையது. உள்ளே மெத்தை இல்லை. குதிகாலும் முன்காலும் ஒரே மட்டத்தில் இருக்கும். விரல்கள் விரிந்து நிற்க முன்புறம் அகன்றிருக்கும். சிலவற்றில் கையுறைபோல ஐந்து விரலுக்கும் ஐந்து அறைகள் உண்டு. சுருங்கச் சொன்னால், எவ்வளவு இருக்கிறது என்பதற்காக அன்றி, எவ்வளவு இல்லை என்பதற்காக விலை பெறும் பொருள் அது. நானூறு வெள்ளி கொடுத்து ஒரு சோடி வாங்கினேன்.

அந்த இளைஞர் கூறிய காரணங்கள் வெறும் கற்பனை அல்ல. மனித இனம் இலட்சக்கணக்கான ஆண்டுகள் வெறுங்காலோடு நடந்தும் ஓடியும் வாழ்ந்திருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் குகையொன்றில் கிடைத்த மரப்பட்டை நார்ச் செருப்புகளுக்கும், அர்மீனியக் குகையொன்றில் 2008-இல் கண்டெடுக்கப்பட்ட தோல் காலணிக்கும் வயது சில ஆயிரம் ஆண்டுகளே. முன்னதற்கு ஏறத்தாழப் பத்தாயிரம். பின்னதற்கு ஏறத்தாழ ஐயாயிரத்து ஐந்நூறு. தடித்த மெத்தை வைத்த ஓட்டக் காலணியோ நேற்றுப் பிறந்தது. 1970-களில் அமெரிக்காவில் மெதுவோட்டம் மக்கள் பழக்கமாகப் பரவியபோது அதுவும் உடன் பரவியது. 26 எலும்புகளையும் 33 மூட்டுகளையும் கொண்டு இயற்கை அமைத்த பாதத்திற்கு, ஐம்பதாண்டு வயதுடைய ஒரு மெத்தை எதற்கு என்பதே அவர்தம் வினா.

கிறிஸ்டோபர் மெக்டூகல் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2009-இல் வெளியிட்ட நூலொன்று இவ்வினாவை உலகெங்கும் கொண்டு சென்றது. மெக்சிகோவின் மலைப்பள்ளத்தாக்குகளில் எளிய செருப்பணிந்து நெடுந்தொலைவு ஓடும் தராஹுமாரா மக்களைப் பற்றியது அந்நூல். மறு ஆண்டில், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் லிபர்மனும் அவர்தம் குழுவினரும் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் ஊன்றுகின்றனர். மெத்தைக் காலணியில் பழகியவர்கள் குதிகாலை முதலில் ஊன்றுகின்றனர். முன்னவர்க்குத் தரையோடு நேரும் மோதல் குறைவு என அவ்வாய்வு காட்டியது. ஆனால், மோதலின் அளவைச் சொன்னதே அன்றி, காயம் குறையும் என்று அது நிறுவவில்லை. இந்தச் சிறு வேற்றுமையை நான் அன்று கவனிக்கவில்லை. நம்ப விரும்புகிறவன் கண்ணுக்கு ‘ஆனால்’ என்ற சொல் எளிதில் புலப்படுவதில்லை.

காலணியை வீட்டிற்குக் கொண்டுவந்த அன்று என் தாயார் முன்கூடத்தில் அமர்ந்திருந்தார். எண்பத்து நான்கு வயது. பேராக் மாநிலத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். பெட்டியைத் திறந்து காலணியைக் கையில் எடுத்தார். அடித்தட்டை இரு விரலால் மடித்துப் பார்த்தார். “உள்ள ஒன்னுமே இல்லையேய்யா. இதுக்கா நானூறு வெள்ளி?” என்றார். நான் விளக்கினேன். வெறுங்காலில் ஓடுவது போன்ற உணர்வைத் தருவது என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நாங்க சும்மா நடந்ததை இப்ப காசு குடுத்து வாங்குறீங்களா?” என்று கேட்டார்.

அதில் ஏளனம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்ட கேள்வி அது. என்னிடம் விடை இல்லை. சிரித்துவிட்டு அப்பால் சென்றேன்.

விடையை என் கால் முதலில் தேடிக்கொண்டது. பழைய காலணியை ஒரு மூலையில் எறிந்துவிட்டு, புதியதை அணிந்து அதே தொலைவை அதே வேகத்தில் ஓடினேன். கெண்டைக்கால் இறுகி வலித்தது. வலியை முன்னேற்றத்தின் அடையாளமாகக் கொண்டேன். மூன்றாம் வாரம் தார்ச்சாலையில் பத்துக் கிலோமீட்டர் ஓடிய அன்று, வலப்பாதத்தின் மேற்புறத்தில் ஊசி குத்தியதுபோல் ஒரு வலி எழுந்தது. படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், விரலை ஒட்டிய நீள்எலும்பில் மயிரிழை போன்ற முறிவு என்றார். ஆறு வாரம் ஓடக் கூடாது என்றார்.

படுத்திருந்த நாட்களில்தான் முன்பே படித்திருக்க வேண்டியவற்றைப் படித்தேன். 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பழகிய ஓட்டக்காரர்கள் 36 பேரில் ஒரு பகுதியினர் பத்து வாரங்களில் மெல்லடிக் காலணிக்கு மாறினர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரின் பாத எலும்புகளில் காயத்தின் அறிகுறியான வீக்கம் காணப்பட்டது. ஐவிரல் காலணி விற்ற விப்ரம் நிறுவனத்தின்மீது, அக்காலணி பாதத்தை வலுப்படுத்தும் என்ற விளம்பரத்திற்குச் சான்று இல்லை என அமெரிக்காவில் வழக்குத் தொடுக்கப்பட்டது. தவற்றை ஒப்புக்கொள்ளாமலே, 37 லட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டாலர் தந்து அவ்வழக்கைத் தீர்த்துக்கொள்ள அந்நிறுவனம் 2014-இல் இணங்கியது. பின்னர் நாகரிகம் எதிர்த்திசையில் சாய்ந்தது. அடித்தட்டு முன்னிலும் தடித்தது. 2020-இல் உலகத் தடகள அமைப்பு, சாலைப் போட்டிக் காலணியின் அடித்தட்டு 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று விதி வகுக்கும் அளவுக்குத் தடித்தது!

என்னைக் காயப்படுத்தியது காலணியன்று, என் அவசரமே. ஐம்பது ஆண்டுகளாகச் சப்பாத்துக்குள் சோம்பிக் கிடந்த பாதத்தின் வலிமையை நானூறு வெள்ளிக்கு மூன்று வாரத்தில் மீட்டுவிடலாம் என்று எண்ணினேன். தராஹுமாராவின் கால், அவன் பிறந்தது முதல் அவனுடைய கால். என் காலோ, வங்கியில் சேமிப்பே இல்லாதவன் எழுதிக் கொடுத்த காசோலை. இயற்கைக்குத் திரும்புதல் என்று பேசுகிறோம். திரும்புவதற்கும் ஒரு தொலைவு உண்டு. அதைக் கடந்துதான் ஆக வேண்டும். எளிமையும் பயின்று அடைய வேண்டியதே அன்றி விலை கொடுத்து அடைவதன்று.

இது முதற்பாடம். ஆனால், அம்மாவின் கேள்விக்கு இது விடையாகாது.

அவர் ‘சும்மா’ நடந்தார் என்றாரே, அது எத்தகைய நடை? விடியற்காலை ஐந்து மணிக்குப் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் கட்டிய விளக்கொளியில் நிரைக்குள் நுழைந்த நடை. ஈரப்புல்லில் அட்டை ஏறும், முள் தைக்கும், சில வேளை பாம்பும் கிடக்கும். மழைக்காலத்தில் விரலிடுக்கில் சேற்றுப்புண். வெயிற்காலத்தில் குதிகாலில் பித்தவெடிப்பு. கண்ணுக்குத் தெரியாத பகை ஒன்றும் மண்ணில் இருந்தது. கொக்கிப்புழுவின் குடம்பி உள்ளங்கால் தோலைத் துளைத்து உடலுக்குள் சென்று, குடலில் தங்கி, இரத்தத்தை உறிஞ்சும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாத் தோட்டங்களில் நம்மவரைச் சோகை பிடித்தவர்களாக்கி நலித்த நோய்களுள் அதுவும் ஒன்று. இதற்கெல்லாம் ‘இயற்கை’ என்று பெயர் சூட்ட முடியுமா? அட்டையும் இயற்கை, கொக்கிப்புழுவும் இயற்கை, முள்ளும் இயற்கை. இயற்கையானது எல்லாம் நல்லது என்று சொல்பவர், முள் தைத்த காலோடு நானூறு மரம் வெட்டிப் பார்க்க வேண்டும்.

இதில் கசப்பான முரண் ஒன்றுண்டு. 1877-இல் 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த வழியில் பெருகிய தோட்டங்களின் பாலில் ஒரு பகுதி உலகத்தார் காலுக்கு அடித்தட்டு ஆயிற்று. அந்தப் பாலை மங்கில் ஏந்தி, வாளியில் சுமந்து, கொட்டகையில் நிறுத்துக் கொடுத்தவர்களின் கால்கள் நெடுங்காலம் வெறுங்காலாகவே இருந்தன.

அதனினும் கொடிய வெறுங்கால் ஒன்றை நம் முன்னோரின் தாயகம் அறியும். தாழ்த்தப்பட்டோர் எனத் தள்ளி வைக்கப்பட்டவர்கள், மேல்சாதியார் தெருவில் செருப்பணிந்து நடக்கக் கூடாது என்ற தடை தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருந்தது. செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடந்தவர்கள் உண்டு. அவர்களிடம் பொருள் இருந்தது, உரிமை இல்லை. அவர்களுக்கு முதற்செருப்பு ஆடம்பரம் அன்று. நிமிர்ந்து நடப்பதற்கான அறிவிப்பு.

நான் பள்ளியில் சேர்ந்த நாளில் அம்மா எனக்கு வெள்ளைக் கித்தான் சப்பாத்து வாங்கித் தந்தார். ஞாயிறு மாலைதோறும் அதற்கு வெள்ளைப் பூச்சுப் பூசி, லயத்து வாசலில் வெயில் படும் இடமாகப் பார்த்து வைப்பார். நான் சேற்றில் மிதித்து வந்தால் அடிப்பார். அன்று அவர் காலில் ஒன்றும் இல்லை. அந்தக் காலின் சம்பாத்தியத்தில் சப்பாத்துக்குள் வளர்ந்த காலை எடுத்துக்கொண்டு, வெறுங்காலே சிறந்தது என்று அவரிடமே விளக்கம் சொன்னேன்!

அப்படியாயின் மெல்லடிக் காலணி வெறும் செல்வர் விளையாட்டுத்தானா? அப்படியும் முடிவு கட்ட என் மனம் ஒப்பவில்லை. 2019-இல் லிபர்மனின் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட மற்றோர் ஆய்வு என்னைச் சிந்திக்க வைத்தது. கென்யாவிலும் அமெரிக்காவிலும் மக்களின் உள்ளங்காலில் காய்த்த தோலை அளந்து பார்த்தார்கள். தோல் எவ்வளவு காய்த்திருந்தாலும் தரையை உணரும் ஆற்றல் குறைவதில்லை என்று கண்டார்கள். மெத்தைக் காலணியோ காலைக் காக்கிறது. கூடவே தரையின் செய்தியையும் தடுத்துவிடுகிறது.

ஆகவே, காப்பு இரு வகைப்படும் என்று தோன்றுகிறது. உணர்வை விட்டுவைக்கும் காப்பு ஒன்று. உணர்வையும் சேர்த்து மூடிவிடும் காப்பு மற்றொன்று. காய்த்த தோல் முன்னதைச் சார்ந்தது. தடித்த மெத்தை பின்னதைச் சார்ந்தது. இது காலுக்கு மட்டுமா பொருந்தும்? குளிர்சாதன அறையும், மூடிய கண்ணாடி வண்டியும், உயர்மாடிக் குடியிருப்பும் நம்மைக் காக்கின்றன. தோட்டத்தில் பிறந்த நம்மில் பலர் இன்று இவற்றுள் வாழ்கிறோம். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால், அடித்தட்டு மிகவும் தடித்துவிட்டால் எந்த மண்ணின்மேல் நிற்கிறோம் என்பதே தெரியாமல் போய்விடும். பக்கத்து வீட்டுத் துன்பமும், பழைய லயத்து நினைவும் உறைக்காமல் போய்விடும். மெல்லிய அடித்தட்டை நாடுவதில் ஒரு நியாயம் உண்டென்றால் அது இதுதான்: மீண்டும் உணர்வதற்காக.

ஆனால், அந்த நியாயத்திற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதை எனக்குக் காட்டியவர் எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா. பேரரசரின் காவற்படை வீரரான அவர், 1960 செப்டம்பர் 10-ஆம் நாள் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலோடு ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்றார். 1935-இல் தம் நாட்டின்மீது படையெடுத்த நாட்டின் தலைநகரிலேயே அவ்வெற்றியைப் பெற்றார். உலகம் அவர் காலைப் பார்த்து வியந்தது. அவருக்கோ அது வியப்பன்று. அங்குக் கிடைத்த காலணி பொருந்தவில்லை, வெறுங்காலில் பயின்ற பழக்கம் இருந்தது, அவ்வாறே ஓடினார். 1964-இல், குடல்வால் அறுவை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்த நிலையில், தோக்கியோவில் காலணி அணிந்து ஓடி மீண்டும் வென்றார். வெறுங்காலை அவர் கொள்கையாக்கவில்லை. காலணியைப் பெருமையாக்கவும் இல்லை. சிங்கப்பூரின் பி. சி. சுப்பையாவும் வெறுங்காலோட்டத்தால் பெயர் பெற்றவர். 1972 மியூனிக் ஒலிம்பிக் வரை சென்றவர். இவர்கள் நமக்கு உபதேசம் செய்யவில்லை, ஓடினார்கள்.

நிபந்தனை இதுவே. வேண்டாமை என்னும் அறம், வேண்டும் என்றால் பெறக் கூடியவனுக்கே உரியது. பெற வழியில்லாதவனிடம் போய் அதைப் போதிப்பது அறமன்று; கொடுமை. தைப்பூச நாளில் பத்துமலையின் 272 படிகளைச் செல்வரும் வறியரும் வெறுங்காலோடு ஏறுகிறார்கள். அங்கே வெறுங்காலில் இழிவு இல்லை. ஏனெனில், விரும்பிக் கழற்றியவை அக்காலணிகள். அதே கால், பிறர் ஆணைக்கு அஞ்சிக் கழற்றினால் அடிமைக் கால். இல்லாமையால் வெறுமையானால் வறுமைக் கால். தரையைத் தொடும் தோல் ஒன்றே. அதற்குப் பின்னால் நிற்கும் உரிமைதான் வேறு. ஆகவே, எளிமையை மேற்கொள்ள விரும்புவோர் தம்மையே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். இந்த எளிமை என்னை இல்லாதவர்க்கு அருகில் கொண்டு செல்கிறதா? அல்லது, அவர்களிடமிருந்து என்னை வேறுபடுத்திக் காட்டும் புதிய அணிகலனாக இருக்கிறதா?

இந்தக் கேள்விகளை என்னையே கேட்டபோது எனக்குக் கிடைத்த விடை பெருமைப்படத்தக்கதாக இல்லை. என் காலணியின் விலையை மூன்று நண்பர்களிடம் நானே வலியச் சொல்லியிருந்தேன்.

நம் நாட்டில் ‘அடிடாஸ் கம்போங்’ என்று வேடிக்கையாக அழைக்கப்படும் கறுப்பு ரப்பர் சப்பாத்து ஒன்றுண்டு. முழுவதும் ஒரே வார்ப்பு, மெத்தை கிடையாது, இருபது வெள்ளிக்குள் கிடைக்கும். பால்மரத் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் உழைப்பவர் காலில் அதைக் காணலாம். காட்டுப்பாதையில் ஓடும் நகரத்து இளைஞரும் வழுக்காது என்பதற்காக அதையே அணிகிறார்கள். நானூறு வெள்ளிக்கு நான் தேடியது, ஏறத்தாழ அதே பொருள்தான்! கால் குணமான பின், நான் அதில் ஒரு சோடி வாங்கினேன். அதை அணியும்போதெல்லாம் ஒன்றை நினைத்துக்கொள்கிறேன். இதே சப்பாத்தோடு இந்நேரம் குலை வெட்டிக்கொண்டிருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளி, விரும்பினால் கழற்றி வேறொன்று அணியலாம் என்ற நிலையில் இல்லை. நான் இருக்கிறேன். இந்த நினைவு இல்லாமல் அதை அணிந்தால் அது வேடம்.

இப்போது வாரம் மூன்று நாள், திடலின் புல்தரையில் பத்து நிமிடம் மட்டும் மெல்ல ஓடுகிறேன். மாதம் ஒருமுறை இரண்டு நிமிடம் கூட்டுகிறேன். கால் தன் வேலையை மெல்லக் கற்கிறது. முழங்கால் வலி சற்றே குறைந்திருக்கிறது. அதற்குக் காரணம் காலணியா, வேகத்தைக் குறைத்ததா என்று அறுதியிட மாட்டேன்.

எலும்பு முறிந்து நான் படுத்திருந்த நாளில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். மூலையில் எறிந்திருந்த மெத்தைக் காலணியை அம்மா எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். “தூக்கிப் போட்டுடாதேய்யா. என் காலுக்கு ஆகுமான்னு பாரு. நடக்கும்போது குதிகால் வலிக்குது” என்றார்.

என் காலணி அவர் காலுக்குப் பெரிது. கால் குணமானதும் முதல் வேலையாகக் கடைக்குச் சென்று, அவர் அளவில், உள்ளதிலேயே தடித்த மெத்தை வைத்த ஒரு சோடி வாங்கி வந்தேன். வாசற்படியில் அமர்ந்து நானே மாட்டிவிட்டேன். வெடிப்பு விழுந்து காய்ந்த அந்தப் பாதத்தை என் உள்ளங்கையில் ஏந்தியபோது, அது மரப்பட்டைபோல் இருந்தது. எழுந்து முற்றத்தில் நான்கு அடி நடந்து பார்த்தார். “மெத்து மெத்துன்னு இருக்கு” என்றார். பிறகு என் காலைப் பார்த்தார். நான் வெறுங்காலோடு நின்றிருந்தேன். இருவரும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.